பெட்டி அதே பெட்டிதான்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வயிறெரியாதவர்கள் திருவொற்றியூரில் கிடையாது. பஸ் நகராது. ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்பார். மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறமாகியிருக்கும். நானும் எல்லாரோடும் சேர்ந்து திட்டுவேன், அதில் ஒன்றும் குறை வைப்பதில்லை. ஆனால் என்றைக்காவது அந்தச் சாலை காலியாகக் கிடந்தால் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். அந்த லாரி வரிசையின் ஓரமாகத்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஐந்து வருஷம் தினமும் சாயங்காலம் நடந்தோம். நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்கதவை ஒரு பார்வை பார்க்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது. இன்றைக்கும் நான் லாரியை விட்டு ஓர் ஆள் தள்ளித்தான் நடக்கிறேன். அவருக்கு வழி விட்டுப் பழகிய கால்.

கல்யாணமான புதிதில் அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கேங்கில் இருந்தார். நான் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. அதனால் முதல் நாளிலிருந்தே எனக்கு வீட்டில் பெயர் 'டீச்சர்'தான். கோபம் வந்தால் 'டீச்சரம்மா'. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்த இரண்டு பேருக்கும் நான் சமைத்தது நாலு பேர் சாப்பாடு, ஏனென்றால் மூன்று பேர் சாப்பாட்டை அவர் ஒருவரே சாப்பிடுவார். நாளெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு வருகிற உடம்பு, போடுவதையெல்லாம் எரித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும்.

சாப்பாடு கூடக் குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்வார். டீயில்தான் அவருடைய பிடிவாதம். பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய, கரண்டியைக் குவித்து மூன்று கரண்டி சர்க்கரை. "இது டீயா பாயசமா?" என்று நான் கேட்காத நாள் இல்லை. அந்த இனிப்புக்கு எங்கள் வீட்டு எறும்புகளெல்லாம் அவருக்கு உறவு. டம்ளரில் ஒன்றிரண்டு மிதந்தாலும் வாயால் ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பார். நான் முகம் சுளித்தால், "எறும்பு துன்னா கண்ணு நல்லா தெரியும் டீச்சர், நீ கண்ணாடி போட்டுகினு கீறியே, நீயும் ரெண்டு துன்னு" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எல்லாம் பெட்டிக்கு மாறியது. மூட்டைகள் குறைந்தன, கன்டெய்னர்கள் வந்தன. அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். இருக்கையில் உட்கார்ந்து நெம்புகோலை அசைத்தால் போதும், டன் கணக்கில் சரக்கு எழும்பும். முதுகு தப்பித்தது என்று நான் திருவுடையம்மனுக்குப் புடவை சாத்தினேன். முதுகு தப்பித்தது உண்மைதான். வேலைதான் மாறியது, பசி மாறவில்லை. அதே மூன்று பேர் சாப்பாடு, அதே டீ, நடுவில் கேன்டீன் போண்டா வேறு. கொஞ்ச நாளில் சட்டைப் பித்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. எங்கள் தெருவில் புருஷனுக்குத் தொப்பை விழுந்தால் அது பெண்டாட்டிக்குக் கிடைக்கும் நற்சான்றிதழ். "டீச்சர் நல்லா கவனிச்சிக்கிறாங்க" என்று சொன்னார்கள். எனக்கும் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

வயிற்றின் வலது பக்கம் கனமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த கேள்வி, தினமும் எவ்வளவு குடிப்பீர்கள் என்பது. தொட்டதே இல்லை என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார், நானும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், எப்படியோ குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்து இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருடைய அப்பா சாராயத்திலேயே போனவர். அப்பாவைச் சாராயக்கடை வாசலிலிருந்து தோளில் சாய்த்துக் கூட்டிவந்த வயதிலேயே, இந்தக் கருமத்தைத் தொடமாட்டேன் என்று முடிவெடுத்தவர் இவர். சம்பள நாளில் கேங்கே ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நடுவில் ஒரு கலர் சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு சுண்டல் தின்றுகொண்டிருப்பார். 'கலர் மாமு' என்று கிண்டல் செய்வார்கள். அந்தப் பட்டப்பெயரை அவர் ஒரு மெடல் மாதிரி வைத்திருந்தார். ஒரு டாக்டர் அரை நிமிஷத்தில் அதைக் கழற்றிவிட்டார்.

அவருக்கு ஒரு தம்பி, என் கொழுந்தனார், ராயபுரத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். அவர் குடிப்பார், மறைக்கவும் மாட்டார். விஷயம் கேள்விப்பட்டதும் வந்து, அண்ணன் தோளில் கைபோட்டு, ஒளிந்து குடிக்கிறவனுக்குத்தான் ஈரல் சீக்கிரம் கெடும், இனிமேலாவது வெளிப்படையாகக் குடி என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். இல்லை, அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். தன்னைப்போல் பிறரையும் நினை என்பதை அவர் அளவுக்குக் கடைப்பிடித்தவரை நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து நடை. டீயில் அரைக் கரண்டி சர்க்கரை, அதையும் தட்டையாக வழித்து நான்தான் போடுவேன். போண்டா கிடையாது. வீட்டிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலையோடு போய், அலை ஊரைத் தின்னாமலிருக்க மலை மலையாகக் கல் கொட்டி வைத்திருக்கும் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து திரும்புவோம். ஒரு பக்கம் உப்புக் காற்று, மறுபக்கம் டீசல் புகை. கணவனும் மனைவியும் காற்று வாங்க வருகிற இடமா இது என்று யாரும் கேட்கலாம். எனக்கு அதைவிட நல்ல இடம் வாழ்க்கையில் வாய்க்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நடக்கும்போது அவர் லாரிகளைப் படிப்பார். கதவில் சாக்பீஸால் கிறுக்கியிருக்கும். ஒரு கோடு போட்டிருந்தால் திறந்து பார்க்க வேண்டிய பெட்டி, வட்டம் போட்டிருந்தால் தொடாமல் விடவேண்டிய பெட்டி என்று பெட்டி அடுக்கும் ஒவ்வொரு யார்டிலும் ஒரு வழக்கம். இரண்டு வகுப்புப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்த எனக்கு அதில் ஓர் அக்கறையும் இருந்ததில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே நடப்பேன். அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருந்தால் இப்போது கூடுதலாக நாலு வார்த்தை மிச்சம் இருந்திருக்கும் என்று தோன்றும்.

தொப்பை இறங்கியது. அடுத்தடுத்த ஸ்கேன்களில் ஈரல் கொழுப்பும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக எடுத்ததில் ஏறக்குறைய இல்லை என்றே சொன்னார்கள். அன்றைக்கு நடையின் முடிவில் அந்தக் கல்மேல் உட்கார்ந்து, "டீச்சர், ஒரே ஒரு வாட்டி நம்ம பழைய டீ" என்று கேட்டார். வருஷம் திரும்பட்டும், பொங்கலுக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன். சரி என்று பல்லைக் காட்டினார். முன்பல்லில் ஒன்று லேசாக உடைந்திருக்கும், மூட்டை தூக்கிய காலத்தில் கொக்கி பட்டது. அந்தச் சிரிப்புக்காக என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம், சர்க்கரையைத் தவிர.

பொங்கலுக்கு முன்னாலேயே அவர் வேறு விதமாக இளைக்க ஆரம்பித்தார். நடையால் வருகிற இளைப்பு இல்லை அது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈரலில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுக்கிற நிலையைத் தாண்டியிருந்தது.

அங்கே ஒரு சின்ன வயது லேடி டாக்டர். எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிய முதல் டாக்டர் அவர்தான். இவர் தன் நோயைப் பற்றி அழவில்லை. அவருக்கு இருந்தது ஒரு கேள்வி. "கொழுப்புதான் பூட்ச்சேம்மா. நடந்து நடந்து கரைச்சிட்டேன். அப்பால எப்டி?"

டாக்டர் ஒரு காகிதத்தைத் திருப்பிப்போட்டு ஏணி மாதிரி ஒன்றை வரைந்தார். ஈரலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அந்தச் செல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது, அதுதான் மரபணு. கொழுப்பு வருஷக்கணக்கில் தங்கி, ஈரல் உள்ளுக்குள் புண்ணாகிப் புண்ணாகி ஆறும்போது, அந்த எழுத்துகள் அப்படியே இருந்தாலும் அவற்றின் மேல் ஒட்டியிருக்கிற அடையாளங்கள் மாறிவிடும். கண்டபடி வளராதே என்று செல்லை அடக்கி வைக்கிற பகுதி படிக்கப்படாமல் மூடிக்கொள்ளும். மூடியிருக்க வேண்டிய பகுதி திறந்துகொள்ளும். இதற்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர், இப்போதுதான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். கொழுப்பு போனாலும் சில அடையாளங்கள் போகாமல் தங்கிவிடலாமாம். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, இப்படி நடக்க வாய்ப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்வேன் என்றும் சொன்னார்.

எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. இவர் என் பக்கம் திரும்பினார். "பொட்டி அதே பொட்டிதான் டீச்சர். உள்ள சரக்கும் அதேதான். மேல போட்ட சாக்பீஸ் கோடு மாறிகீது. தொறக்கக் கூடாதத தொறந்துட்டானுங்க."

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் டாக்டர். சாக்பீஸ் என்றால் மழையில் அழியுமே என்று இவர் விடாமல் கேட்டார். சிலது அழியும், உங்கள் நடையில் நிறைய அழிந்திருக்கும், சிலது பெயின்ட் மாதிரி நின்றுவிடும் என்றார் அவர். நடந்ததெல்லாம் வீண்தானா என்று கேட்டேன், குரல் எனக்கே சகிக்கவில்லை. வீண் இல்லை, கொழுப்பு படிந்த நிறையப் பேருக்கு இந்த நோய் வருவதே இல்லை, உடம்பைக் குறைக்கிறவர்களுக்கு ஆபத்தும் குறையும், உங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லாததற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

எழுந்திருக்கும்போது இவர் கடைசியாக ஒன்று கேட்டார். குடிக்காதவனுக்கும் இது வருமா. வரும் என்றார் டாக்டர். இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். "வெளில என் தம்பி கீறான். அவனாண்டயும் இத்த ஒரு தபா சொல்லிடுங்கம்மா" என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கொழுந்தனார் பீடி பிடிக்கக் கேட்டுக்கு வெளியே போயிருந்தார். அவரைத் தேடிக் கூட்டிவருவதற்குள் டாக்டரை வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் விளக்கமாகச் சொன்னேன். கொழுந்தனார் தலையை ஆட்டி, "வுடுங்க அண்ணி, போன கதை" என்றார். புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்டாட்டி என்று என்னை மெச்சிக்கொண்டாரே தவிர, ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

அதன்பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சாத்துக்குடியோடு அந்த ஒரு பேச்சையும் கொண்டுவந்தார்கள். முன்னாலேயே கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பார்கள். நல்ல மனுஷன், இந்த ஒரு பழக்கம்தான் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வார்கள். நான் சிலரோடு சண்டைக்கே போனேன். இவர் கட்டிலில் படுத்தபடி, விடு என்று கையைக் காட்டுவார். கண்ணும் உடம்பும் மஞ்சளாகியிருந்தன. ஆளைவிட அந்தக் கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு மத்தியானம் நான் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். "நான் பூட்டா படையல் போடுவானுங்க. இன்னா வேணா வெக்கட்டும். பாட்டில் மட்டும் வெக்க வுடாத டீச்சர்."

எங்கள் பக்கத்தில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைப்பார்கள். பீடி, வெற்றிலை, வறுத்த மீன், குடிக்கிறவராக இருந்தால் அதுவும். மாமனார் படையலில் பாட்டில் இருந்ததை இவர் கண்ணால் பார்த்தவர். என்ன பேச்சு இது என்று அதட்டினேன். பிறகு, வேறு என்ன வைக்கட்டும் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. அவர் உடைந்த பல்லோடு சிரித்து, "டீதான். நம்ம பழைய டீ" என்றார்.

பத்து நாளுக்குள் போய்விட்டார். அவருடைய அப்பாவைப் புதைத்த மூலக்கொத்தளம் இடுகாட்டிலேயே அவரையும் வைத்தோம்.

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் படையல். படத்துக்கு முன்னால் இலை போட்டு வரிசையாக வைத்தோம். டீயை நானேதான் போட்டேன். பெரிய டம்ளரை எடுத்துவைத்து, சர்க்கரை டப்பாவைத் திறந்து, கரண்டியில் அள்ளினேன். அரைக் கரண்டிக்கு மேல் கை போகவில்லை. கட்டைவிரல் தானாக வந்து மேலே இருந்ததை வழித்துவிட்டது. ஐந்து வருஷத்தில் என் கையிலும் ஒரு சாக்பீஸ் கோடு விழுந்திருந்தது. இனிமேல் எதற்கு இந்தக் கணக்கு என்று சொல்லிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று எனக் குவித்துக் குவித்துப் போட்டேன். அடுப்பு மேடையெல்லாம் சிந்தியது. அங்கேயே நின்று அழுதேன்.

கற்பூரம் காட்டியாயிற்று. செத்தவர் வந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் தெருவில் போய் நிற்பது வழக்கம். எல்லாரும் வெளியே வர, கடைசி ஆளாகக் கொழுந்தனார் குனிந்து எதையோ வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். என்ன வைத்தீர்கள் என்றேன். கண்ணாடி கிளாஸில் ஊற்றிப் பக்கத்தில் குவார்ட்டரையும் வைத்துவிட்டேன் என்றார். எனக்குத் தலைக்கு ஏறியது. உங்கள் அண்ணன் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார், போய் எடுங்கள் என்று தெரு கேட்கக் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. கண் கலங்கி என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு பயந்து ஒளிச்சி ஒளிச்சி குடிச்சிருக்கும் அண்ணி. கடைசில ஒரு வாய் கூட இல்லாம பூட்ச்சு. இன்னிக்காவது நிம்மதியா குடிக்கட்டும்."

பாசத்தில் வைத்திருக்கிறார் அந்த மனுஷன். என்ன சொல்லித் திட்டுவது? நானே கதவைத் திறக்கப் போனேன். என் வீட்டுக்காரரின் பெரியம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். நடுவில் கதவைத் திறந்தால் வந்தவன் பசியோடு போய்விடுவான் என்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. ஆனால் பசியோடு போய்விடுவார் என்று கேட்ட பிறகு அந்தக் கதவைத் தொட என்னால் முடியவில்லை. அவர் கேட்ட ஒன்றைக் காப்பாற்றவில்லையே என்று நினைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா கதவைத் திறந்தார். வந்து போனதற்கு அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதலில் குனிந்து பார்த்தவர் கொழுந்தனார். பார்த்தவர் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

அடுப்பங்கரையிலிருந்து எறும்புகள் சாரை சாரையாக வந்திருந்தன. மீனைத் தாண்டி, பாட்டிலுக்குப் பக்கத்தில் வளைந்து, கண்ணாடி கிளாஸை ஒதுக்கிவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. டீயில் பத்துப் பதினைந்து மிதந்தன.

சர்க்கரை இருக்கிற இடத்துக்கு எறும்பு வரும், சாராயத்துக்கு வராது. இதை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். டாக்டர் சொன்னதை நான் விளக்கிச் சொன்னது, வந்தவர்களோடு சண்டை போட்டுச் சொன்னது எதுவும் ஏறாத கொழுந்தனார் மண்டையில் இது ஏறியது. "அண்ணாத்த தொடலியா அண்ணி, நெசமாவே தொட்டதில்லையா" என்று கேட்டார். இல்லை தம்பி என்றேன். அவர் பாட்டிலையும் கிளாஸையும் எடுத்துக்கொண்டு போய்த் தெருச் சாக்கடையில் கவிழ்த்தார். அதற்குப்பிறகு அவர் அண்ணனைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் சண்டைக்கு நின்றவர் அவர்தான்.

படைத்ததை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். டம்ளரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. படத்துக்கு எதிரே உட்கார்ந்து, எறும்புகளை ஊதி ஒதுக்கிவிட்டு, ஆறிப்போன அந்தப் பாயசத்தைக் குடித்தேன். அவ்வளவு இனிப்பு எனக்கு ஆகாது. ஊதியதில் ஒதுங்காமல் ஒன்றிரண்டு உள்ளே போயிருக்கும். எறும்பு தின்றால் கண் தெரியும் என்பார். எனக்கு எதிரில் இருந்த அவருடைய படம்கூடத் தெரியவில்லை.